திட்டமிட்ட பைக் ரூட்டை ஜிபிஎஸ் கருவிக்குப் பிசகாமல் மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கணினியில் போட்டது ஒரு ரூட், கருவி கூட்டிப் போவது வேறொரு ரூட். ஜிபிஎஸ் கருவியோடு பைக் ஓட்டத் தொடங்கும் எல்லோரும் முதலில் சொல்லும் குறை இதுதான். அவர்களோடு உட்கார்ந்து ஃபைலைத் திறந்து பார்த்தால், கருவியில் கோளாறு இருப்பது அபூர்வம். புள்ளிகள் தப்பான இடத்தில் இருக்கும், செட்டிங் இரண்டு பக்கமும் வேறாக இருக்கும், அல்லது செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை மாறியிருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டி வரிசைக்குத்தான் அதிக முக்கியத்துவம் தருகிறது. மெனுப் பெயர்களைச் சொல்ல வேண்டிய இடங்களில் கார்மின் ஸூமோ வகைக் கருவிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன். மற்ற கருவிகளில் பெயர் மாறும், அடிப்படை மாறாது.

## 1. கருவிக்கு உண்மையில் போவது என்ன?

திரையில் தெரியும் வண்ணக் கோட்டைத்தான் கருவிக்கு அனுப்புகிறோம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது எப்போதும் உண்மையல்ல. பரிமாற்றத்துக்குப் பயன்படும் ஜிபிஎக்ஸ் ஃபைலுக்குள் மூன்று வகைத் தகவல்கள் இருக்கலாம்.

வேபாயின்ட் என்பது தனியாக நிற்கும் ஓர் இடம். பெட்ரோல் பங்க், தங்குமிடம், காட்சிமுனை போன்றவை. அவற்றுக்குள் வரிசை கிடையாது.

ரூட் என்பது வரிசைப்படுத்திய சில புள்ளிகள். 200 கிலோமீட்டர் ரூட்டில் வெறும் 15 புள்ளிகள்கூட இருக்கலாம். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு எந்தச் சாலையில் போவது என்பதைக் கருவி தன்னிடமுள்ள மேப்பையும் தன் செட்டிங்கையும் வைத்துத் தானே கணக்கிடும்.

டிராக் என்பது நெருக்க நெருக்கமாக ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் கோத்த கோடு. கருவி அதை அப்படியே வரைந்து காட்டும், மாற்றாது. ஆனால் வெறும் டிராக்கை வைத்துக்கொண்டு பல கருவிகள் ‘200 மீட்டரில் இடது பக்கம் திரும்பவும்’ என்று சொல்லாது.

ஆக, ரூட் பேசும், ஆனால் மாறக்கூடும். டிராக் மாறாது, ஆனால் பேசாமல் இருக்கக்கூடும். இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே முறையைத்தான் சொல்கிறது: கருவி வேறு சாலையைத் தேர்ந்தெடுக்க இடமே இல்லாதபடி ரூட்டை அமைப்பது, அது சரியாக வந்ததா என்று பார்க்க அதே பாதையின் டிராக்கையும் கூடவே அனுப்புவது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கார்மினின் பேஸ்கேம்ப் போன்ற மென்பொருள்கள், புள்ளிகளோடு தாங்கள் கணக்கிட்ட பாதையையும் கார்மினுக்கே உரிய கூடுதல் தகவலாக ஃபைலில் எழுதிவைக்கும். இரண்டு பக்கமும் ஒரே மேப் பதிப்பு இருந்தால் கருவி அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஆனால் எங்காவது ஒரு தடவை மறுகணக்கீடு நடந்துவிட்டால் அந்தப் பாதை போய்விடும், மிஞ்சுவது புள்ளிகள் மட்டுமே. அதனால் புள்ளிகளே பாதையைத் தாங்கும்படி வைக்க வேண்டும்.

## 2. தொடங்குமுன் தயாராக இருக்க வேண்டியவை

மேப் அப்டேட்டை முதலில் முடியுங்கள். ரூட் போட்ட பிறகு மேப்பை மாற்றினால், கருவி எல்லா ரூட்டையும் புதிதாகக் கணக்கிட வேண்டிவரும். அப்டேட் பெரிய ஃபைல், நேரம் பிடிக்கும். கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவில் அதைத் தொடவே வேண்டாம்.

டேட்டா கேபிள் ஒன்று வேண்டும். சார்ஜ் மட்டுமே ஏற்றும் கேபிள்கள் பார்ப்பதற்கு அதேபோல இருக்கும். கணினியில் கருவியே தெரியவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் மாற்றச் சொல்வது கேபிளைத்தான். வண்டியில் மின்சாரம் எடுக்கத் தந்த கேபிளையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

கருவியின் கையேட்டில் இரண்டு எண்களைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு ரூட்டில் எத்தனை புள்ளிகள் வரை ஏற்கும், ஒரு டிராக்கில் எத்தனை புள்ளிகள் வரை ஏற்கும். வரம்பு கருவிக்குக் கருவி மாறுகிறது. அதைத் தாண்டினால் சில கருவிகள் ரூட்டைத் துண்டாக்கும், சில மீதியை வெட்டிவிடும். அப்படி வெட்டியதைப் பல சமயம் சொல்லவும் சொல்லாது.

திட்டமிடும் மென்பொருள் ஜிபிஎக்ஸ் தரக்கூடியதாக இருக்க வேண்டும். பேஸ்கேம்ப், மைரூட்ஆப், குர்விகர் ஆகியவை பைக் ஓட்டுநர்களிடையே புழக்கத்தில் உள்ளவை. கூகுள் மேப்ஸ் இடங்களைத் தேடிப் பார்க்க அருமையானது. ஆனால் அது நேரடியாக ஜிபிஎக்ஸ் தராது, நிறுத்தங்களின் எண்ணிக்கைக்கும் குறைவான வரம்பு வைத்திருக்கிறது. அதில் பார்த்து முடிவு செய்துவிட்டு, ரூட்டை வேறு மென்பொருளில் போடுவதே நல்லது.

## 3. இரண்டு பக்கமும் செட்டிங்கை ஒன்றாக்குங்கள்

ஒரு புள்ளி வைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். திட்டமிடும் மென்பொருள் ‘குறைந்த தூரம்’ என்று கணக்கிட, கருவி ‘குறைந்த நேரம்’ என்று கணக்கிட்டால், அதே புள்ளிகளுக்கு இரண்டு வெவ்வேறு பாதைகள்தான் வரும்.

பார்க்க வேண்டியவை: வாகன வகை, கணக்கிடும் முறை, பிறகு தவிர்ப்புப் பட்டியல். தவிர்ப்புப் பட்டியலில் நெடுஞ்சாலை, சுங்கச்சாலை, படகுத்துறை, மண்சாலை, யு டர்ன் ஆகியவை தனித்தனியாக இருக்கும். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வையுங்கள்.

இதில் அதிகம் காலை வாருவது மண்சாலைத் தவிர்ப்பு. மேப்பில் சில சின்னச் சாலைகள், உண்மையில் தார் போட்டிருந்தாலும், மண்சாலை என்றே பதிவாகியிருக்கும். கருவியில் தவிர்ப்பு இருந்தால், நீங்கள் ஆசையோடு சேர்த்த மலைச்சாலையை அது சத்தமில்லாமல் சுற்றிப்போகும். அந்தச் சாலை வழியாகப் போவது உறுதியென்றால் இந்தத் தவிர்ப்பை எடுத்துவிட்டு, போக வேண்டாத சாலைகளைப் புள்ளிகளால் தடுங்கள்.

யு டர்ன் தவிர்ப்பைக் கருவியில் வைத்திருப்பது நல்லது. ஒரு புள்ளியைத் தவறவிட்டால் நடுச்சாலையில் திரும்பச் சொல்லாமல் அடுத்த வழியைத் தேடும்.

போக்குவரத்து நெரிசலைப் பார்த்துத் தானாகப் பாதை மாற்றும் வசதி இருந்தால், திட்டமிட்ட ரூட்டுக்கு அதை அணைத்துவையுங்கள். வேகமாகப் போய்ச் சேருவதற்கான வசதி அது. நீங்கள் தேர்ந்தெடுத்த சாலையில் உங்களுக்கு என்ன ஆசை என்று அதற்குத் தெரியாது.

## 4. புள்ளிகளை வைப்பது

பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

ஊர்ப் பெயரைத் தேடிச் சேர்க்காதீர்கள். ஊரின் பெயரைத் தேடினால் கிடைக்கும் புள்ளி, அந்த ஊரின் நடுவில் எங்கோ இருக்கும். நீங்கள் புறவழிச்சாலையில் போக நினைத்திருப்பீர்கள். கருவி உங்களைக் கடைவீதிக்குள் இழுத்துப்போய், ‘வந்து சேர்ந்தீர்கள்’ என்று சொல்லிவிட்டுத் திரும்ப வெளியே கூட்டிவரும். ஊரைத் தேடி மேப்பை அங்கே நகர்த்துங்கள், புள்ளியைக் கையால் சாலைமேல் வையுங்கள்.

பெரிதாக்கிப் பார்த்து வையுங்கள். மேப்பைச் சுருக்கி வைத்துக்கொண்டு கிளிக் செய்தால், புள்ளி சாலைமேல் விழுந்ததுபோல் தோன்றும், உண்மையில் 50 மீட்டர் தள்ளி இருக்கும். கருவி அதை மிக அருகிலுள்ள சாலையோடு ஒட்டவைக்கும். அது இணையாக ஓடும் சர்வீஸ் ரோடாகவும் இருக்கலாம், யாரோ ஒருவரின் தோட்டத்துக்குப் போகும் தனிப்பாதையாகவும் இருக்கலாம். சாலையின் இரு ஓரமும் தனித்தனியாகத் தெரியும்வரை பெரிதாக்குங்கள். ஆயங்களை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, கையால் எழுதுவதாக இருந்தால் தசமப் புள்ளிக்குப் பின் 5 இலக்கங்கள் வேண்டும். ஐந்தாவது இலக்கம் ஏறத்தாழ 1 மீட்டரைக் குறிக்கும். மூன்று இலக்கத்தோடு நிறுத்தினால் 100 மீட்டர் அளவுக்குப் பிசகு வரும்.

சந்திப்பின்மேல் வைக்காதீர்கள். சந்திப்பு இரண்டு மூன்று சாலைகளுக்குப் பொதுவானது. அங்கே வைத்த புள்ளியை எந்தச் சாலையோடு சேர்ப்பது என்பது அந்தந்த மேப்பின் முடிவு. திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி, நீங்கள் போக விரும்பும் சாலையில் சில நூறு மீட்டர் உள்ளே வையுங்கள். அங்கே வேறு குறுக்குச் சாலை எதுவும் இருக்கக் கூடாது. ரவுண்டானாவுக்கும் இதே விதிதான். அதற்குள் புள்ளி இருந்தால் ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றச் சொல்லும்.

நடுவில் பிரிப்பு உள்ள சாலையில் உங்கள் பக்கத்தில் வையுங்கள். எதிர்ப்பக்கத்தில் விழுந்த புள்ளியை அடைய, கருவி அடுத்த திருப்பம்வரை போய், திரும்பி, புள்ளியைத் தொட்டு, மறுபடியும் திரும்பி வரச் சொல்லும். பல கிலோமீட்டர் வீணாகும். மேம்பாலத்திலும் சுரங்கப்பாதைக்கு மேலும் புள்ளி வைக்கவே வேண்டாம். மேலே உள்ள சாலையா கீழே உள்ள சாலையா என்று கருவிக்குக் குழப்பம் வரும்.

எத்தனை புள்ளிகள்? எண்ணிக்கையை முன்கூட்டி முடிவு செய்யாதீர்கள். ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையில் வேறு வேகமான வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரே சாலை 40 கிலோமீட்டர் பிரியாமல் போனால் நடுவில் ஒன்று போதும். நெடுஞ்சாலையை ஒட்டியே ஓடும் பழைய சாலையைத் தேர்ந்தெடுத்திருந்தால், அது நெடுஞ்சாலையோடு இணையும் ஒவ்வோர் இடத்துக்குப் பிறகும் ஒன்று தேவைப்படும். மென்பொருளில் கணக்கிடும் முறையைத் ‘குறைந்த நேரம்’, ‘குறைந்த தூரம்’ என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டிலும் பாதை அசையாமல் நின்றால் புள்ளிகள் போதுமானவை. எங்கே அசைகிறதோ அங்கே ஒன்று சேருங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டால் கருவியில் வரும் பாதி ஆச்சரியங்கள் முன்பே தெரிந்துவிடும்.

அதற்காகப் புள்ளிகளை அள்ளித் தெளிக்கவும் கூடாது. ஒவ்வொரு புள்ளியும் தப்பான இடத்தில் விழ ஒரு வாய்ப்பு.

வட்டப் பாதையில் கவனம். புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் ரூட்டில், தொடக்கமும் முடிவும் ஒரே புள்ளியாக இருந்தால் சில கருவிகள் கிளம்பும்போதே பயணம் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். முடிவுப் புள்ளியைச் சில நூறு மீட்டர் முன்பாகவே வைத்துவிடுங்கள். போன சாலையிலேயே திரும்பும் பகுதி இருந்தால், அந்த இடத்தில் ரூட்டை இரண்டாகப் பிரிப்பது இன்னும் பாதுகாப்பு.

எல்லாம் வைத்து முடித்ததும் பாதையை ஆரம்பம் முதல் கடைசிவரை பெரிதாக்கி ஒருமுறை நகர்த்திப் பாருங்கள். பிரதான சாலையிலிருந்து குட்டையாக ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தால், புள்ளி பக்கத்துச் சந்துக்குள் விழுந்திருக்கிறது. திருப்பங்களின் பட்டியலில் யு டர்ன் இருந்தால், புள்ளி எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது.

## 5. நிற்கும் புள்ளி, கடக்கும் புள்ளி

கார்மின் கருவிகளில் ரூட் புள்ளிகள் இரண்டு வகை. வியா பாயின்ட் என்பது போய்ச் சேர்ந்தே ஆக வேண்டிய இடம். கருவி அதை அறிவிக்கும், தவறவிட்டால் விடாமல் திரும்பக் கூப்பிடும். ஷேப்பிங் பாயின்ட் என்பது பாதைக்கு வடிவம் கொடுக்க மட்டும், அறிவிப்பு இல்லாமல் கடந்து போகும்.

தொடக்கம், பெட்ரோல், சாப்பாடு, முடிவு, இவற்றை வியாவாக வையுங்கள். மற்ற எல்லாம் ஷேப்பிங். எல்லாவற்றையும் வியாவாக வைத்தால் சில கிலோமீட்டருக்கு ஒருமுறை ‘வந்து சேர்ந்தீர்கள்’ என்று ஹெல்மெட்டுக்குள் குரல் கேட்கும். அதைவிட மோசம், சாலை அடைப்பால் ஒரு புள்ளியைத் தொட முடியாமல் போனால், ஓடும் வண்டியில் அதை நீக்கும் வேலை வந்துசேரும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. இந்தச் சாலைக்காகத்தான் பயணமே என்று ஒரு பகுதி இருந்தால், அதன் நடுவில் ஒரு வியா வையுங்கள். பாதை விலகி மறுகணக்கீடு நடக்கும்போது சில கருவிகள் ஷேப்பிங் புள்ளிகளைக் கைவிட்டுவிடும், வியாவை விடாது.

இந்த இரண்டு வகைக்கான வேறுபாடு அடிப்படை ஜிபிஎக்ஸ் அமைப்பில் இல்லை, கார்மின் சேர்த்த கூடுதல் தகவலில்தான் இருக்கிறது. ஆகவே வேறு மென்பொருளில் ரூட் போட்டால், கார்மினுக்கென்று தனி ஏற்றுமதித் தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவான தேர்வில் எடுத்தால் வேறுபாடு தொலைந்து, எல்லாம் வியாவாக வந்து நிற்கும்.

## 6. நாள்வாரியாகப் பிரித்துப் பெயர் வையுங்கள்

பல நாள் பயணத்தை ஒரே ரூட்டாக அனுப்பாதீர்கள். புள்ளி வரம்பு ஒரு காரணம். இன்னொரு காரணம், நீளமான ரூட்டில் ஓர் இடத்தில் பிழை இருந்தால் முழுவதையும் மறுபடி கணக்கிட வேண்டிவரும். ஒரு நாளைக்கு ஒன்று, முடிந்தால் மதிய உணவுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு.

பெயரில் எண்ணை முன்னால் போடுங்கள்: 01, 02 என்று. கருவி அகரவரிசையில் அடுக்கினாலும் நாள் வரிசை குலையாது. வெறும் 1 என்று போட்டால் 10-ஆம் நாள் 2-ஆம் நாளுக்கு முன்னால் போய் நிற்கும்.

இங்கே புதியவர்கள் தவறாமல் தடுமாறும் ஒரு விஷயம்: கருவியின் பட்டியலில் தெரிவது ஃபைலின் பெயர் அல்ல, ஃபைலுக்குள் ரூட்டுக்கு எழுதியுள்ள பெயர். கணினியில் ஃபைலின் பெயரை மாற்றினால் கருவியில் எதுவும் மாறாது. மென்பொருளுக்குள் ரூட்டின் பெயரை மாற்றிவிட்டு ஏற்றுமதி செய்ய வேண்டும். நீளமான பெயர் திரையில் வெட்டுப்படும், சில கருவிகளில் ஆங்கில எழுத்தும் எண்ணும் தவிர மற்றவை கட்டமாகத் தெரியும். சுருக்கமாக வையுங்கள்.

## 7. அதே பாதையின் டிராக்கை எடுங்கள்

ரூட்டில் இனி மாற்றமில்லை என்று முடிவான பிறகே இதைச் செய்யுங்கள். டிராக் எடுத்த பிறகு ரூட்டைத் திருத்தினால், சரிபார்க்க வைத்திருந்த பிரதியே தப்பாகிவிடும்.

பேஸ்கேம்பில் ரூட்டைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து டிராக் உருவாக்கும் கட்டளை இருக்கிறது. மற்றவற்றில் ஏற்றுமதி செய்யும்போது ரூட், டிராக், வேபாயின்ட் என்று தனித்தனித் தேர்வுகள் வரும். ரூட்டையும் டிராக்கையும் தேர்ந்தெடுங்கள்.

டிராக்கின் புள்ளி எண்ணிக்கையைப் பாருங்கள். 10 மீட்டருக்கு ஒன்று என்றால் 300 கிலோமீட்டருக்கு 30,000 புள்ளிகள். கருவியின் வரம்பைத் தாண்டினால், மென்பொருளிலுள்ள சுருக்கும் வசதியால் சில ஆயிரங்களாகக் குறையுங்கள். நேரான பகுதிகளில் புள்ளிகள் குறையும், வளைவுகளில் நிற்கும். கோடு சாலையை விட்டு விலகாத அளவுக்குச் சுருக்கினால் போதும்.

## 8. ஃபைலை எடுத்ததும் திறந்து பாருங்கள்

ஜிபிஎக்ஸ் என்பது சாதாரண எழுத்து ஃபைல்தான். நோட்பேட் போன்ற எதிலும் திறக்கலாம். ஆர்டிஇ என்ற மூன்றெழுத்தோடு தொடங்கும் வரிகள் இருந்தால் உள்ளே ரூட் இருக்கிறது. டிஆர்கே என்றிருந்தால் டிராக். டபிள்யூபிடி என்றிருந்தால் தனி வேபாயின்ட். ரூட் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களின் ஃபைலைத் திறந்தால் உள்ளே வெறும் டிராக் மட்டும் இருக்கும். அரை நிமிடப் பார்வையில் தெரிந்துவிடும்.

பெயரில் ஆம்பர்சண்ட் (&) குறியைக் கையால் எழுதிச் சேர்க்காதீர்கள். அந்தக் குறி ஃபைலின் அமைப்பில் தனிப் பொருள் கொண்டது, முழு ஃபைலையும் கருவி நிராகரித்துவிடும்.

கூகுள் எர்த் போன்றவை தரும் கேஎம்எல் ஃபைலிலிருந்து மாற்றுபவர்களுக்கு: கேஎம்எல்லில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை அடுத்து. கையால் ஆயங்களை எடுத்து எழுதும்போது இந்த வரிசை மாறினால், புள்ளிகள் உலகின் வேறு மூலையில் போய் விழும்.

## 9. கருவிக்கு அனுப்புங்கள்

கேபிள் வழிதான் என் முதல் தேர்வு. ஃபைல் எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும், நடுவில் எதுவும் அதை மாற்றாது.

கருவியை இணைத்ததும் அதன் சேமிப்பகம் கணினியில் திறக்கும். அதில் ஜிபிஎக்ஸ் என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டர் இருக்கும், பெரும்பாலும் கார்மின் ஃபோல்டருக்குள். ஃபைலை அதற்குள் போடுங்கள். வெளியே போட்டால் கருவி தேடாது. மெமரி கார்டில் போடுவதானாலும் அதே பெயர்களில் ஃபோல்டர்களை உருவாக்கி அதற்குள் போட வேண்டும்.

புதிய கருவிகள் பலவும் எம்டிபி என்ற ஃபைல் பரிமாற்ற முறையில் இணைகின்றன. மேக் கணினிகள் அதைத் தாமாகப் படிப்பதில்லை, தனியாக ஒரு மென்பொருள் தேவை. கேபிள் சரியாக இருந்தும் மேக்கில் கருவி தெரியவில்லை என்றால் காரணம் இதுதான்.

மின்னஞ்சலில் வந்த ஃபைலாக இருந்தால் ஜிப்பிலிருந்து பிரித்தெடுத்தீர்களா, பெயரின் கடைசியில் டிஎக்ஸ்டி அல்லது எக்ஸ்எம்எல் என்று வால் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். போனில் இறக்கும்போது இது அடிக்கடி நடக்கும். கேபிளை உருவுமுன் முறைப்படி வெளியேற்றுங்கள். இல்லையென்றால் பாதி எழுதிய ஃபைல் பட்டியலில் வந்துவிடும், திறக்கும்போதுதான் பிழை தெரியும்.

போன் ஆப் வழியாக அனுப்புவது சாலையில் இருக்கும்போது கைகொடுக்கும். ஆனால் சில ஆப்கள் அனுப்புமுன் ரூட்டைத் தாங்களே ஒருமுறை கணக்கிடும், சில டிராக்காக மாற்றிவிடும். டாம்டாம் கருவிகளுக்கான மைடிரைவிலும் ரூட்டாக அனுப்புவதா டிராக்காக அனுப்புவதா என்று தேர்வு வரும். ஆப்பில் அனுப்பினால் 11-ஆவது படியைத் தவிர்க்கவே கூடாது.

## 10. கருவிக்குள் இம்போர்ட் செய்யுங்கள்

ஃபைல் ஃபோல்டரில் இருப்பதால் மட்டும் ரூட் ஓட்டத் தயாராகிவிடாது. கருவியில் ரூட்டுகளை வைத்திருக்கும் ட்ரிப் பிளானருக்குள் போய், மெனுவிலிருந்து இம்போர்ட் கொடுத்து, ரூட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிராக்குகள் தனிப் பட்டியலில் இருக்கும்.

இம்போர்ட் ஆனதும் கருவி தனக்கென்று தனிப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளும். அதனால் பழைய ஜிபிஎக்ஸ் ஃபைலை அழித்தாலும் பழைய ரூட் பட்டியலில் இருக்கும். திருத்திய ரூட்டை அனுப்புவதற்கு முன் ட்ரிப் பிளானரில் பழையதை அழியுங்கள். ஒரே பெயரில் இரண்டு இருந்தால், காலை அவசரத்தில் தப்பானதைத்தான் கை தொடும்.

## 11. வீட்டிலேயே சரிபாருங்கள்

முதலில் மொத்தத் தூரம். மென்பொருளில் 286 கிலோமீட்டர், கருவியில் 287 என்றால் கவலையில்லை. 301 என்று காட்டினால் எங்கோ சாலை மாறியிருக்கிறது.

ஆனால் தூரம் ஒத்துப்போனால் பாதையும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. ஓரிடத்தில் கூடி இன்னோரிடத்தில் குறைந்திருக்கலாம். இதற்குத்தான் டிராக். அதை ரூட்டின் நிறத்திலிருந்து நன்றாக வேறுபட்ட நிறத்தில் மேப்பில் தெரியும்படி வைத்து, ரூட்டையும் திறங்கள். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும். பிரியும் இடம்தான் பிழை. அந்த இடத்தில் மென்பொருளில் ஒரு ஷேப்பிங் புள்ளி சேர்த்து, மீண்டும் 7-ஆவது படியிலிருந்து வாருங்கள். கருவியிலேயே திருத்தலாம்தான், ஆனால் கணினியிலுள்ள மூலம் பழையதாகவே கிடக்கும்.

மேப் வேறாக இருக்கும்போது இந்தச் சோதனை மிகவும் அவசியம். திட்டமிடும் தளங்கள் பலவும் பொதுமக்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பயன்படுத்துகின்றன, கருவியில் இருப்பது வேறு நிறுவனத்தின் மேப்பாக இருக்கலாம். ஒன்றில் உள்ள சாலை மற்றொன்றில் இல்லாமல் போகலாம், அல்லது ஒருவழிப்பாதை எனப் பதிவாகியிருக்கலாம். எவ்வளவு புள்ளி சேர்த்தாலும் ஓரிடம் மட்டும் ஒத்துவரவில்லையென்றால், அந்தப் பகுதிக்கு டிராக்கைப் பார்த்தே ஓட்டுவது என்று முடிவெடுத்துவிடுங்கள்.

கருவியில் ஜிபிஎஸ் சிமுலேட்டர் (இருந்த இடத்திலிருந்தே ரூட்டை ஓட்டுவதுபோல் காட்டும் வசதி) இருந்தால் அதை இயக்கி, சிக்கலான சந்திப்புகளை மட்டும் திரையில் ஓட்டிப் பாருங்கள். முடிந்ததும் மறக்காமல் அணையுங்கள்.

## 12. கிளம்பும்போது

ரூட்டைத் தொடங்கியதும், அடுத்து எங்கே போக வேண்டும் என்று கருவி கேட்கும். பலரும் யோசிக்காமல் தொடக்கப் புள்ளியைத் தொடுவார்கள். நீங்கள் ஏற்கெனவே அதைத் தாண்டி வந்திருந்தால், கருவி பின்னால் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். நடுவில் சேர்கிறீர்கள் என்றால் அடுத்த வியாவையோ, ரூட்டில் மிக அருகில் சேரும் இடத்துக்கான தேர்வையோ தொடுங்கள். பெட்ரோல் போட நிறுத்தி, கருவியை அணைத்துத் திரும்ப இயக்கும்போதும் இதே கேள்வி வரலாம்.

பாதை விலகினால் மறுகணக்கீடு செய்யும் செட்டிங்கில் மூன்று நிலைகள் இருக்கும்: தானாக, கேட்டுவிட்டு, வேண்டாம். நான் பரிந்துரைப்பது ‘கேட்டுவிட்டு’. தானாக என்றால், தண்ணீர் வாங்க ஒதுங்கினால்கூட மீதி ரூட்டை மாற்றிவிடலாம். வேண்டாம் என்றால், டைவர்ஷனில் உதவியே இருக்காது.

புள்ளியைத் தவிர்க்கும் பட்டன் எங்கே இருக்கிறது என்று கிளம்புமுன்பே கண்டுபிடித்து வையுங்கள், மேப் திரையில் வைக்க முடிந்தால் அங்கேயே வையுங்கள். சாலை அடைத்திருந்தால் ஓரமாக நிறுத்தி, அந்தப் புள்ளியைத் தவிர்த்துவிட்டு, திரையிலுள்ள டிராக் கோட்டை மறுபடி எங்கே தொடலாம் என்று பார்த்துக் கிளம்புங்கள். இதை ஓடும் வண்டியில் செய்ய வேண்டாம்.

பயணப் பதிவு ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும், நீங்கள் உண்மையில் ஓட்டிய டிராக்கைக் கணினியில் இறக்கி, திட்டமிட்ட ரூட்டின்மேல் வைத்துப் பாருங்கள். விலகிய இடங்களில் புள்ளிகளைத் திருத்தி, அந்தப் பதிப்பையே மூல ஃபைலாகச் சேமியுங்கள். அதே சாலையில் நண்பர் யாராவது போகக் கேட்டால், அவருக்கு அனுப்ப வேண்டியது அந்தத் திருத்திய ஃபைலைத்தான்.